பின்பக்க ஆன்டி-ரோல் பார்: எத்தனை மில்லிமீட்டர் போதும்?

வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியாயிற்று, ஆனால் காரின் மூக்கு பிடிவாதமாக நேராகவே போகப் பார்க்கிறது. முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களை ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தலைவலி. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பின்னால தடிமனான பார் ஒண்ணு போட்டுடுங்க." பதில் தப்பில்லை. செலவைப் பார்த்தால் சஸ்பென்ஷனில் இவ்வளவு வித்தியாசம் காட்டும் வேலை வேறு அதிகம் கிடையாது. எத்தனை தடிமன் என்று கேட்டால்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். கிடைப்பதிலேயே பெரியதை வாங்கி மாட்டிவிட்டு, முதல் மழையில் வருந்துபவர்கள் நிறைய. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

பார் என்ன செய்கிறது?

மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள், சிலர் ஸ்வே பார் என்பார்கள். எல்லாம் ஒன்றே. இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கிற, இரு முனையும் கை போல மடங்கிய ஸ்ப்ரிங் எஃகுக் கம்பி. வேகத்தடையில் ஏறும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்பும்; கம்பி தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷுக்குள் சும்மா சுழன்றுகொடுக்கும். வளைவில் ஒரு சக்கரம் மேலே போக, மற்றது கீழே இறங்கும். அப்போதுதான் கம்பி முறுகும், முறுகுவதை எதிர்க்கும், கார் சாய்வது குறையும்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்ததில்தான் விஷயமே இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களின் மேலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பது காரின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், வளைவில் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாருக்கு அந்த மொத்தத்தில் அநேகமாகப் பேச்சே இல்லை. அதில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் பாரின் வேலை.

டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் இரண்டு மடங்கு எடை ஏற்றினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஆகவே தலைக்கு 300 கிலோ சுமக்கும் இரண்டு டயர்கள் சேர்ந்து தரும் பிடிப்பு, ஒன்று 500, மற்றது 100 என்று சுமக்கும்போது கிடைக்காது. பின்னால் பாரை விறைப்பாக்கினால் எடை மாற்றத்தில் பெரிய பங்கு பின்பக்கம் போகிறது. பின் டயர்களின் கூட்டுப் பிடிப்பு குறைகிறது, முன் டயர்களுடையது கூடுகிறது. மூக்கு திரும்பத் தொடங்குகிறது. அதாவது முன்னால் கிடைத்த லாபத்துக்குப் பின்னால் கடன் வாங்கியிருக்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி முடிவுகளெல்லாம் தானாக வரும்.

எதிர்த்திசையில் ஒரு பழைய உதாரணம் உண்டு. எஞ்சினைப் பின்னால் வைத்த செவ்ரொலே கோர்வேர் 1960-இல் வந்தபோது முன்னால் ஆன்டி-ரோல் பார் இல்லை. வளைவில் பின்பக்கம் திடீரென்று வழுக்குகிறது என்று பெயர் கெட்டது. 1964 மாடலில் செய்த திருத்தங்களில் ஒன்று, முன்னால் ஒரு பாரை எல்லாக் காருக்கும் பொதுவாகப் போட்டது. முன்பக்கம் சுமக்க வேண்டிய பங்கைக் கூட்டிப் பின்பக்கத்தை அமைதிப்படுத்தும் வழி அது. நாம் செய்யப்போவது அதற்கு நேர் எதிர்.

1. முதலில் குறை எங்கே என்று பாருங்கள்

முன்பக்கம் வெளியே தள்ளுகிறது என்பதற்குக் காரணம் பல இருக்கலாம். முன் டயர் தேய்ந்திருக்கலாம், காற்று குறைவாக இருக்கலாம், அலைன்மென்ட் போயிருக்கலாம். என் பழைய ஹாட்ச்பேக்கில் மாதக்கணக்காக இதே குறை. பார் வாங்கப் பணம் எடுத்துவைத்துவிட்டேன். வேறொரு வேலைக்காகக் காரை லிஃப்டில் ஏற்றியபோது, தெரிந்த மெக்கானிக் முன்பக்க லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) பிரேமுக்கும் நடுவே ஒரு நெம்புகம்பியைக் கொடுத்து லேசாக அழுத்தினார். புஷ் ரப்பர் வாய் பிளந்தது. விரல் நுழையும் அளவு கிழிசல். அதை மாற்றியதும் குறையில் பாதி போய்விட்டது.

ஆகவே டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து, கதவோரத்தில் தயாரிப்பாளர் எழுதியிருக்கும் அளவுக்கு வையுங்கள். முன்பக்கப் புஷ்களையும் பால் ஜாயின்டுகளையும் (பந்து போலச் சுழலும் இணைப்புகள்) பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் மூக்கு தள்ளினால் மேலே படியுங்கள்.

இன்னொன்று. உங்கள் குறை சாய்வு மட்டும்தான், கார் ஒழுங்காகத் திரும்புகிறது என்றால் பின்னால் மட்டும் பாரை மாற்றுவது தப்பான மருந்து. அதற்கு முன்பின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் பார்க்க வேண்டும்.

2. காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் மல்டிலிங்க் வகை என்றால் வேலை எளிது. பழைய பார் இருக்கும். கழற்றிப் புதியதை மாட்டலாம்.

விலை குறைந்த முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் ட்விஸ்ட் பீம் இருக்கும். இரண்டு பின்னோக்கிய கைகள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு குறுக்கு உத்தரம். அந்த உத்தரமே முறுகி முறுகி ஆன்டி-ரோல் பார் வேலையைச் செய்கிறது. சிலவற்றில் உத்தரத்தின் குழிவுக்குள் ஒரு கம்பியையும் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இவற்றுக்கு வெளியில் கிடைப்பது, இரு கைகளுக்கும் நடுவே போல்ட் போட்டு இறுக்கும் கூடுதல் பார். இங்கே "பழையது 16, புதியது 18" என்ற ஒப்பீடு செல்லாது. அதே காரின் வேகமான வேரியன்ட்டில் தயாரிப்பாளரே என்ன போட்டிருக்கிறார் என்று பார்ப்பதுதான் நல்ல அளவுகோல்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதும் முக்கியம். முன்சக்கர இழுவையில் பின்பார் விறைத்தால் இன்னொரு நன்மையும் சேர்ந்து வரும்: வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்க முன்சக்கரத்தின் மேல் எடை கொஞ்சம் தங்குகிறது, அது வீணாகச் சுழல்வது குறைகிறது. பின்சக்கர இழுவையில் இதுவே தலைகீழ். உள்பக்கப் பின்சக்கரம் லேசாகி, சாதாரண டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தருவது) இருந்தால் அங்கேயே சக்தி முழுக்கச் சுழன்று போய்விடும். அத்தகைய கார்களில் பின்பாரைத் தொட நான் ரொம்பவே யோசிப்பேன்.

சாய்வைத் தானே கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் அல்லது மின்மோட்டார் பார் உள்ள கார் என்றால், இந்த வேலையை மறந்துவிடுங்கள்.

3. இருப்பதை அளங்கள்

பெட்டியில் போட்டிருப்பதையோ யாரோ சொன்னதையோ நம்ப வேண்டாம். ஒரே மாடலில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட், ஆண்டுக்கு ஆண்டு பார் மாறும். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். மண்ணையும் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, வளைவுகள் இல்லாத நேரான பகுதியில் மூன்று இடத்தில் அளங்கள். பெயின்ட் ஏமாற்றும்: 0.1 மி.மீ. கனமான பூச்சு விட்டத்தில் 0.2 மி.மீ. கூட்டிக் காட்டும். 16 என்பது 16.2 ஆகிவிடும். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் விறைப்புக் கணக்கில் அதுவே 5 சதவீதப் பிழை.

அடுத்து, பாரின் முனையில் மடங்கிய கையின் நீளம். பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குட்டைக் கம்பியான லிங்க் மாட்டும் ஓட்டையின் நடுவிலிருந்து, பாரின் நேரான பகுதிக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். கை சாய்ந்து போனால் அதன் ஓரமாக அளக்காதீர்கள், செங்குத்துத் தூரம்தான் கணக்கு.

4. கணக்கு

பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். நான்கு 16-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 65,536. 18-ஐ அப்படியே பெருக்கினால் 1,04,976. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.6. ஆக வெறும் 2 மி.மீ. கூடினதற்கு விறைப்பு 60 சதவீதம் கூடிவிட்டது. 20 மி.மீ. போட்டால் 2.44 மடங்கு.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று. "ரெண்டு மில்லி கூட்டினேன், நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவருடைய கார் எந்த விட்டத்தில் தொடங்கியது என்று கேளுங்கள். முதல் தலைமுறை டொயோட்டா 86 வந்த புதிதில் முன்னால் 18, பின்னால் 14 மி.மீ. அந்த 14-ஐ 16 ஆக்கினால் 71 சதவீத ஏற்றம். பின்னால் 22 உள்ள காரில் 24 போட்டால் 42 சதவீதம்தான். ஒரே 2 மி.மீ., வேறு வேறு விளைவு.

கையின் நீளம் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்; அதன் வர்க்கத்துக்கு விறைப்பு குறையும். 200 மி.மீ. கையை 180 ஆக்கினால் சுமார் 23 சதவீதம் விறைப்பு கூடும். முனையில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு விற்கும் பார்களின் சூட்சுமம் இதுதான். கடைசி ஓட்டை மிருது, உள்ளே இருப்பது விறைப்பு. அவசரத்தில் இதைத் தலைகீழாக மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே பொள்ளலான பார்கள் என்றால் வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழிக்க வேண்டும். வெளியே 24, சுவர் 3 மி.மீ. என்றால் உள்ளே 18. அது உள்ளே வெற்றிடமில்லாத 24 மி.மீ. பாரின் விறைப்பில் 68 சதவீதம், எடையில் 44 சதவீதம். விறைப்பில் கிட்டத்தட்ட வெற்றிடமில்லாத 22 மி.மீ. பாருக்குச் சமம். விளம்பரத்தில் "24" மட்டும் பெரிதாக இருக்கும். சுவர்க் கனத்தைக் கேட்டு வாங்குங்கள்.

"எங்கள் எஃகு உயர் ரகம், அதனால் அதிக விறைப்பு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எஃகு எந்த ரகமானாலும் முறுக்கை எதிர்க்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல எஃகு உடையாமல், நிரந்தரமாக வளையாமல் நெடுநாள் உழைக்கும். அது வேறு நன்மை.

5. எங்கே நிறுத்துவது

60 சதவீதம் என்றதும் பயப்படவும் வேண்டாம். கார் சாய்வதைப் பார் மட்டும் எதிர்ப்பதில்லை, ஸ்ப்ரிங்குகளும் எதிர்க்கின்றன. புரிவதற்காக ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். பின் அச்சின் மொத்த எதிர்ப்பு 100 பங்கு; ஸ்ப்ரிங் 70, பார் 30. பாரை 1.6 மடங்கு ஆக்கினால் 30 என்பது 48 ஆகும், மொத்தம் 118. அதாவது 18 சதவீத மாற்றம். சாலையில் ஓட்டும்போது இது நன்றாகவே தெரியும். அதே காரில் 20 மி.மீ. போட்டால் பாரின் பங்கு 73, மொத்தம் 143. இது வேறு கார் என்றே சொல்லலாம்.

தினசரி சாலையில் ஓடும் முன்சக்கர இழுவைக் காருக்கு என் கணக்கு இது: பாரின் விறைப்பு 40 முதல் 70 சதவீதம் கூடினால் போதும். இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சின்னதை எடுங்கள். ஓட்டை மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. மிருதுவான ஓட்டையே உங்கள் இலக்குக்கு அருகில் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

அதற்கு மேல் ஏன் போகக் கூடாது? முதல் காரணம், மேடுபள்ளம். பார் இரு சக்கரங்களையும் கட்டிப்போடுகிறது. ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் அந்த அடியை வாங்கும். ஒரு பக்கம் மட்டும் மேடான சாலையில் தலை இடமும் வலமும் வெடுக் வெடுக்கென்று ஆடும். ஷாக்குகள் பழைய விறைப்புக்காகச் செய்தவை, புதிய பாரின் துள்ளலை அடக்க அவற்றுக்குத் தெம்பு பத்தாது.

இரண்டாவது, உள்பக்கப் பின்சக்கரம். முன்சக்கர இழுவைக் கார்கள் பந்தயத் தடத்தில் பின்னால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கும். ஆனால் சக்கரம் தரையை விட்ட கணத்திலிருந்து பின் அச்சு மாற்றுவதற்கு எடையே மிச்சமில்லை. அதற்கு மேல் வேகம் கூடினால் வரும் எடை மாற்றம் முழுவதும் முன்பக்கத்தின் தலையில் விழும், மூக்கு மறுபடி தள்ளத் தொடங்கும். எவ்வளவு தடித்த பார் போட்டாலும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம்: வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. காலை எடுத்தால் எடை முன்னால் நகரும், ஏற்கெனவே பிடிப்பைக் கடன் கொடுத்த பின்பக்கம் இன்னும் லேசாகும். என்னுடைய முதல் பாரை மிக விறைப்பான ஓட்டையில் மாட்டியிருந்தேன். காய்ந்த சாலையில் சொர்க்கம். ஒரு மழைநாள், கார் காலி, பின் டயர்கள் பாதி தேய்ந்தவை. தெரிந்த வளைவுதான். எதிரே நின்ற லாரியைப் பார்த்துக் காலை எடுத்தேன், பிரேக்கைக்கூடத் தொடவில்லை. பின்பக்கம் அரை ஆள் அகலத்துக்கு வெளியே போய், வழுக்கலைத் தானே தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் விளக்கு மினுக்கி, திரும்ப உள்ளே வந்தது. அன்று மாலையே மிருதுவான ஓட்டைக்கு மாறிவிட்டேன். உங்கள் வீட்டில் அந்தக் காரை இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவரை நினைத்து முடிவெடுங்கள்.

6. வாங்கும்போது

பாரோடு புஷ், பிராக்கெட், போல்ட் எல்லாம் வருகிறதா என்று கேளுங்கள். பாலியூரிதேன் புஷ் ரப்பரைவிட விறைப்பு, பார் உடனே வேலையைத் தொடங்கும். கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். பார் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் வளையங்கள் இருப்பது அவசியம், இல்லாவிட்டால் நாளடைவில் ஒரு பக்கம் நகர்ந்து எதையாவது உரசும்.

லிங்க் ராடுகளும் பழையதென்றால் கூடவே மாற்றிவிடுங்கள், புதிய பார் அவற்றின் மேல் கூடுதல் பளு போடும். பார் மாட்டும் இடத்தின் தகடும் அப்படித்தான். மெல்லிய தகட்டில் மாட்டும் கார்களில், பெரிய பார் போட்டு நாளடைவில் பிராக்கெட்டைச் சுற்றிக் கிழிந்ததுண்டு. உங்கள் மாடலுக்கு வலுவூட்டும் தகடு விற்கிறார்கள் என்றால் சும்மா விற்கவில்லை என்று அர்த்தம். அப்புறம், மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா, பதிவு விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

7. மாட்டுவது

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் பார் முறுகி நிற்கும். லிங்க் போல்ட் வராது, வந்தால் கம்பி அடிக்கும்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்துவையுங்கள். லிங்கின் நட்டைத் திருப்பும்போது பால் ஜாயின்டும் சேர்ந்து சுழலும். நடுவில் இருக்கும் அறுகோணக் குழியில் ஆலன் சாவியை விட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். புஷ்ஷின் உட்புறம் முழுக்க, பாரோடு வந்த கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். ரப்பர் புஷ் என்றால் சாதாரண பெட்ரோலியக் கிரீஸ் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

பிராக்கெட்டுகளைத் தளர்வாக மாட்டி, பாரை இடம்வலமாக நகர்த்தி நடுவில் நிறுத்திய பிறகு இறுக்குங்கள். ரப்பர் ஒட்டிய புஷ்கள் உள்ள இணைப்புகளைக் கடைசியில், காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசையோடு இறுக்க உதவும் ஸ்பேனர்) பயன்படுத்துங்கள். அளவு உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

காரை இறக்குவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் குழாய், சைலன்சர், எரிபொருள் டேங்க் இவற்றிலிருந்து பார் விரலளவாவது விலகியிருக்க வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், ஜாக்கியால் மேலே தூக்கும்போதும் பாருங்கள்.

8. ஓட்டிப் பார்ப்பது

முதல் நாள் மெதுவாக. சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். மேடேறும்போது "டொக்" என்றால் லிங்க் தளர்வு. பிறகு ஆளில்லாத விசாலமான இடத்தில், மிருதுவான ஓட்டையில் வைத்து, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். மூக்கு எப்போது தள்ளத் தொடங்குகிறது? அங்கே காலை எடுத்தால் பின்பக்கம் என்ன செய்கிறது? கார் மெல்ல உள்பக்கம் இறுகினால் சரி. சடக்கென்று திரும்பினால் அதிகம். நனைந்த தரையிலும் இதைப் பார்க்காமல் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டாம். முன்பு வேலை செய்யாத இடத்தில் இப்போது அது குறுக்கிட்டால் அதுவே உங்களுக்கு ஒரு செய்தி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பார் மாட்டிய அன்றே டயர் காற்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. ஓட்டை எண், நான்கு டயர்களின் காற்றளவு, காரில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் அடுத்த மாதம் உதவும். பின்சீட்டில் மூவரும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும்போதும் ஒருமுறை பாருங்கள், கார் வேறு மாதிரி நடக்கும்.

இனி இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால் போகட்டும். முன்சக்கர இழுவைக் காரில் புதியதை முன்னால் போடத்தான் கை போகும். இந்தப் பார் மாட்டிய பிறகு அது நல்லதல்ல.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பழைய பாரை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அதன் போல்ட், பிராக்கெட்டுகளை ஒரு பையில் கட்டி அதோடு சேர்த்து எங்காவது ஓரமாக வையுங்கள். என்னுடையது பரணில் மூன்று வருடம் கிடந்தது. காரை விற்றபோது வாங்கியவர் மகள் அப்போதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள், அதையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.